ஒரே வீட்டில் வளர்ந்த இரண்டு பிள்ளைகள் ஏன் இரண்டு விதமாக இருக்கிறார்கள்?

நீங்கள் கேட்டிருப்பது சுருக்கமாக இது. மூத்தவளுக்கு 17 வயது, சொன்னதைக் கேட்பவள், தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்பவள். இளையவனுக்கு 13. ஒரு வருடமாக எதைச் சொன்னாலும் எரிந்து விழுகிறான், பொய் சொல்கிறான், அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறான். "இரண்டு பேரையும் ஒரே மாதிரிதான் வளர்த்தோம். சின்ன வயதில் அவனை அடித்திருக்கிறேன், அதனால்தானா? வளர்ப்பு சரியில்லை என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். இனிமேல் மாற்ற முடியுமா?" இதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. தப்பு யார்மேல் என்பது ஒன்று, இனி நம் கையில் என்ன இருக்கிறது என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கான பதில் சிக்கலானது, தெரிந்துகொண்டாலும் பெரிதாக உதவாது. இரண்டாவதற்கு உருப்படியான பதில் இருக்கிறது. அதனால் முதலாவதைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு இரண்டாவதுக்குப் போகிறேன்.

சுபாவத்தில் பெரும்பங்கு பிறக்கும்போதே வந்துவிடுகிறது. இதில் இன்று பெரிய சர்ச்சை இல்லை. ஒரே மரபணு கொண்ட இரட்டையர்களையும் மற்ற இரட்டையர்களையும் ஒப்பிடும் ஐம்பது ஆண்டுகால ஆய்வுகளையெல்லாம் ஒன்றுசேர்த்து 2015-ல் ஒரு கணக்குப் போட்டார்கள். 2,700-க்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகள், சுமார் 1 கோடியே 45 லட்சம் இரட்டையர் ஜோடிகள். எல்லாப் பண்புகளையும் சேர்த்துப் பார்த்தால் மனிதர்களுக்கு இடையிலான வேறுபாட்டில் சராசரியாக 49 சதவீதம் மரபணு சார்ந்தது. ஒரே வீட்டில் வளர்வதால் உடன்பிறந்தவர்களுக்குள் வரும் ஒற்றுமையின் பங்கு 17 சதவீதம்தான். கோபம், கூச்சம், துறுதுறுப்பு போன்ற ஆளுமைப் பண்புகளில் அதுவும் குறைந்து, கிட்டத்தட்ட ஒன்றுமில்லை என்ற அளவுக்கு வந்துவிடும். ஆனால் இந்த எண்ணைத் தவறாகப் படிக்கக் கூடாது. 49 சதவீதம் என்றால் உங்கள் பையனில் பாதி மரபணு, மீதி நீங்கள் என்று பொருளில்லை. அது ஒரு பெரிய கூட்டத்துக்குள் ஆளுக்கு ஆள் இருக்கும் வித்தியாசத்தைப் பற்றிய கணக்கு. தனி ஒரு பிள்ளையைப் பற்றி அது எதுவும் சொல்லாது. இன்னொன்று, இந்த ஆய்வுகளில் வருபவை பெரும்பாலும் ஓரளவு நன்றாக ஓடும் குடும்பங்கள். பராமரிப்பே கிடைக்காத குழந்தைகளின் கதை வேறு. ருமேனியாவில் அனாதை இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளை வைத்து 2000-ல் தொடங்கிய ஆய்வில், வளர்ப்புக் குடும்பங்களுக்கு மாற்றப்பட்டவர்கள் அறிவுத்திறனிலும் மனிதர்களோடு ஒட்டுதலிலும் தெளிவாக முன்னேறினார்கள். இரண்டு வயதுக்குள் மாறியவர்களுக்குப் பலன் கூடுதலாக இருந்தது. பராமரிப்பு இல்லாமல் போனால் சேதம் பெரிது. ஓரளவு நல்ல பராமரிப்பு இருக்கும் வீடுகளில், அதற்கு மேல் பெற்றோர் செய்யும் சின்னச் சின்ன வித்தியாசங்கள் பிள்ளையின் சுபாவத்தை அவ்வளவாக மாற்றுவதில்லை.

"ஒரே மாதிரிதான் வளர்த்தோம்" என்று எல்லாப் பெற்றோரும் சொல்வார்கள். யாராலும் அப்படி வளர்க்க முடியாது. மூத்தவள் பிறந்தபோது இருந்த வயது, வருமானம், பொறுமை, தூக்கம் எதுவும் இரண்டாவது பிள்ளை பிறந்தபோது அதே அளவில் இருந்திருக்காது. அதைவிட முக்கியம், பிள்ளையும் பெற்றோரை வளர்க்கிறது. 1968-லேயே ரிச்சர்ட் பெல் என்ற உளவியலாளர் இதைச் சுட்டிக்காட்டினார்: கடுமையான பெற்றோருக்கு முரட்டுப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றால், முரட்டுப் பிள்ளைகள்தான் பெற்றோரைக் கடுமையாக்கினார்கள் என்றும் இருக்கலாமே. பின்னால் வந்த ஆய்வுகளில் இரண்டுமே உண்மை என்று தெரிந்தது. ஒரு தடவை சொன்னால் கேட்கிற பிள்ளையிடம் குரலை உயர்த்த வேண்டிய தேவையே வராது. பத்துத் தடவை சொல்ல வைக்கிற பிள்ளையிடம் சாதுவான ஆளும் கத்துவார். உங்கள் மகள் நன்றாக இருப்பதற்கான முழுப் பெருமையும் உங்களுக்குச் சேராது. அதே நியாயப்படி மகனுக்காக முழுப் பழியையும் நீங்கள் சுமக்க வேண்டியதில்லை. (சொந்தக்காரர்கள் பிள்ளை சரியாக இருந்தால் அது பிறவிக் குணம் என்பார்கள், சரியில்லை என்றால் வளர்ப்பு என்பார்கள். அந்தக் கணக்கு எப்போதும் அப்படித்தான்.)

அடித்ததைப் பற்றி மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சுமார் 1,60,000 குழந்தைகள் பற்றிய 75 ஆய்வுகளைத் தொகுத்து 2016-ல் வெளிவந்த பகுப்பாய்வில், அடி வாங்கிய குழந்தைகளிடம் மூர்க்கம், மனநலச் சிக்கல், பெற்றோருடன் விரிசல் எல்லாம் கூடுதலாகத்தான் இருந்தன. எந்த நன்மையும் தென்படவில்லை. அதே சமயம் அந்தத் தொடர்பின் அளவு சிறியது. ஏற்கெனவே அடங்காத பிள்ளைதான் அதிகம் அடி வாங்குகிறான் என்பதை முழுதாகக் கழித்துப் பார்ப்பதும் கடினம். எனவே "நான் அடித்ததால்தான் இப்படி ஆனான்" என்று சொல்ல ஆதாரம் போதாது. "அடித்தால்தான் திருந்துவான்" என்பதற்கோ ஆதாரமே இல்லை. அதை நிறுத்துவதற்கு இவ்வளவு போதும். 13 வயதில் அடி வேறு விதமாகவும் பாதிக்கும். மூன்று வயதுக் குழந்தை அழுதுவிட்டு உங்களிடமே வந்து ஒட்டிக்கொள்ளும். பதின்ம வயதுப் பிள்ளை அதை அவமானமாக எடுத்துக்கொண்டு, இனி இவர்களிடம் எதையும் சொல்லக் கூடாது என்று முடிவு கட்டிவிடும்.

கண்டிப்பு வேண்டாமா என்று கேட்பீர்கள். கட்டாயம் வேண்டும். எந்த வகைக் கண்டிப்பு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. உளவியலாளர் டயானா பாம்ரிண்ட் 1960-களில் செய்த வகைப்பாடு இன்றும் பயன்படுகிறது. பாசமும் விதியும் சேர்ந்திருக்கும் வளர்ப்பு, விதி மட்டும் இருக்கும் அதிகார வளர்ப்பு, பாசம் மட்டும் இருந்து விதி இல்லாத வளர்ப்பு என்று மூன்றாகப் பிரித்தார். 1983-ல் மக்கோபி, மார்ட்டின் இருவரும் இரண்டுமே இல்லாத அலட்சிய வளர்ப்பை நான்காவதாகச் சேர்த்தார்கள். முதல் வகையில் வளரும் பிள்ளைகள் சராசரியில் நன்றாக இருக்கிறார்கள், நான்காவதில் வளர்பவர்கள் மிகவும் சிரமப்படுகிறார்கள். பதின்ம வயதுக்கு இதைவிட உதவுவது 1990-களில் பிரையன் பார்பர் தெளிவாக்கிய ஒரு வேறுபாடு. நடத்தையைக் கட்டுப்படுத்துவது வேறு, மனத்தைக் கட்டுப்படுத்துவது வேறு. "ஒன்பது மணிக்குள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும்" என்பது முதல் வகை. "நீ இப்படிப் பண்ணினா அம்மா உயிரோட இருந்து என்ன புண்ணியம்" என்பதும், இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசாமல் இருப்பதும், "உன் அக்காவைப் பாரு" என்பதும் இரண்டாவது வகை. நடத்தையைக் கட்டுப்படுத்தும் தெளிவான விதி குறைந்த வீடுகளில் அடாவடி அதிகம். மனத்தைப் பிடித்து ஆட்டும் வீடுகளில் மனச்சோர்வும் பதற்றமும் அதிகம். கை நீட்டாத, குரல்கூட உயர்த்தாத பெற்றோரும் இந்த இரண்டாவது வகையைத் தாராளமாகச் செய்வதுண்டு. அக்காவுடன் ஒப்பிடும் பேச்சை இன்றோடு விட்டுவிடுங்கள். அவனை அது திருத்தாது, இருவருக்கும் நடுவே பகையைத்தான் வளர்க்கும்.

இனி தினசரி நடப்புக்கு வருவோம். வீட்டுச் சண்டைகளில் பெரும்பாலானவை ஒரே வார்ப்பில்தான் நடக்கும். ஜெரால்ட் பேட்டர்சன் பல ஆண்டுகள் குடும்பங்களை நேரில் கவனித்து இதை விவரித்திருக்கிறார். சமையலறையிலிருந்து "போனை வை" என்கிறீர்கள். பதில் இல்லை. மறுபடி சொல்கிறீர்கள். "அஞ்சு நிமிஷம்" என்கிறான். நான்காவது தடவை உங்கள் குரல் ஏறுகிறது, அவன் குரலும் ஏறுகிறது. ஐந்தாவதில் அவன் கத்துகிறான், கதவை அறைகிறான். நீங்கள் "எக்கேடோ கெட்டுப் போ" என்று திரும்பிவிடுகிறீர்கள். இந்த ஒரு நிமிடத்தில் அவன் கற்றுக்கொண்டது: கத்தினால் தொல்லை விலகும். வேறொரு நாள் நீங்கள் அவனைவிட உரக்கக் கத்தியதும் போனை வைத்துவிட்டான். அன்று நீங்கள் கற்றுக்கொண்டது: கத்தினால்தான் நடக்கும். ஆளுக்கு ஆள் பாடம் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு வாரமும் முந்தைய வாரத்தைவிடக் கொஞ்சம் உரக்கத் தொடங்குவீர்கள். இதற்கு யாரும் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை.

இதை உடைக்கும் முறை எளிது, செய்வதுதான் சிரமம். வேறு அறையிலிருந்து எதையும் சொல்லாதீர்கள். பக்கத்தில் போய் நில்லுங்கள், பெயரைச் சொல்லுங்கள், அவன் நிமிர்ந்து பார்க்கும்வரை காத்திருங்கள். ஒரே ஒரு வேலையை, கேள்வியாக இல்லாமல் சொல்லுங்கள். "கொஞ்சம் போனை வைக்கலாமா?" என்றால் "வேண்டாம்" என்ற பதிலுக்கு வழி விட்டது நீங்கள்தான். "எட்டு மணி ஆச்சு, போனை மேசையில் வை." சொன்ன பிறகு ஐந்து, பத்து வினாடி வாயைத் திறக்காதீர்கள். பெரும்பாலானோர் கோட்டை விடுவது இங்கேதான். அந்த அமைதியைத் தாங்க முடியாமல் அறிவுரையை ஆரம்பித்துவிடுவார்கள். நடக்கவில்லை என்றால் இன்னொரு முறை, விளைவோடு சேர்த்து: "இப்போ வைக்கலைன்னா நாளைக்குப் போன் கிடையாது." அப்புறம் அதைச் செய்துவிடுங்கள், பேச்சை நீட்டாதீர்கள். விளைவு சிறியதாகவும் உடனடியாகவும் முன்கூட்டியே தெரிந்ததாகவும் இருக்க வேண்டும். ஒரு நாள் போனை வாங்கி வைப்பது வேலை செய்யும். ஒரு மாதம் வாங்கி வைத்தால் மூன்றாம் நாளே அவனுக்கு இழக்க எதுவும் மிஞ்சாது, பத்தாம் நாள் நீங்களே கொடுத்துவிடுவீர்கள். இன்னொன்றையும் எதிர்பார்த்தே இருங்கள். மாற்றத்தைத் தொடங்கிய முதல் சில நாள், சில சமயம் ஒன்றிரண்டு வாரம், நிலைமை மோசமாகும். இத்தனை நாள் வேலை செய்த கத்தல் வேலை செய்யவில்லையே என்று இன்னும் பலமாகக் கத்திப் பார்ப்பான். அந்த வாரத்தில் ஒரே ஒரு முறை விட்டுக்கொடுத்தாலும், எவ்வளவு கத்தினால் காரியம் ஆகும் என்ற புதிய அளவை அவனுக்குக் கற்றுக்கொடுத்துவிடுவீர்கள்.

இதைச் சமாளிக்க விதிகள் குறைவாக இருக்க வேண்டும். பதின்ம வயதினர் பெற்றோரின் அதிகாரத்தை மொத்தமாக மறுப்பதில்லை. ஜூடித் ஸ்மெட்டானாவின் பல ஆண்டு ஆய்வுகள் காட்டுவது இதுதான்: உயிருக்கும் உடலுக்கும் ஆபத்தான விஷயம், அடுத்தவருக்குக் கெடுதல் செய்வது ஆகியவற்றில் பெற்றோர் தலையிடுவது நியாயம் என்று பிள்ளைகளே ஒப்புக்கொள்கிறார்கள். முடி வெட்டும் விதம், அறை இருக்கும் லட்சணம், கேட்கும் பாட்டு இவையெல்லாம் தங்கள் சொந்த விஷயம் என்று நினைக்கிறார்கள். நாளில் பாதிச் சண்டை இந்த இரண்டாவது பட்டியலில்தான் செலவாகிறது. நான்கு விதி போதும். எங்கே, யாருடன் இருக்கிறான் என்பது தெரிய வேண்டும். சொன்ன நேரத்துக்கு வீடு திரும்ப வேண்டும். யாரையும் அடிப்பதோ கெட்ட வார்த்தையில் திட்டுவதோ கூடாது. இரவு போன் படுக்கையறைக்கு வெளியே இருக்க வேண்டும். மற்றதில் அறை குப்பையாக இருந்தால் இருக்கட்டும், கதவைச் சாத்திக்கொள்ளட்டும். 13 வயதில் கதவைச் சாத்துவது நோய் அல்ல.

பொய்யைப் பற்றிப் பெற்றோர் பலரும் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். பிள்ளை எங்கே போகிறது, என்ன செய்கிறது என்று நன்றாகத் தெரிந்துவைத்திருக்கும் வீடுகளில் பிரச்சினை குறைவு என்பது பழைய முடிவு. அதனால் "கண்காணியுங்கள்" என்று அறிவுரை சொல்லிவந்தார்கள். ஸ்வீடனில் ஹோகன் ஸ்டாட்டின், மார்கரெட் கெர் இருவரும் 2000-ல் அந்தத் தகவல் பெற்றோருக்கு எப்படித் தெரியவருகிறது என்று தேடிப் பார்த்தார்கள். துருவிக் கேட்பதிலோ கட்டுப்பாட்டிலோ அதிகம் வரவில்லை. பிள்ளை தானாக வந்து சொன்னதில்தான் பெரும்பகுதி வந்தது. உளவு பார்ப்பதால் கிடைப்பதைவிட, சொல்லத் தோன்றும் வீட்டில் தானாகக் கிடைப்பது அதிகம். மேற்கு ஆப்பிரிக்காவில் இரண்டு பள்ளிகளில் 3, 4 வயதுக் குழந்தைகளை ஒப்பிட்ட 2011 ஆய்வு ஒன்றும் உண்டு. கடும் தண்டனை தரும் பள்ளியின் குழந்தைகள் அதிகம் பொய் சொன்னார்கள், அந்தப் பொய்யை மாட்டிக்கொள்ளாமல் காப்பாற்றவும் தெரிந்திருந்தார்கள். பயம் பொய்யைக் குறைக்கவில்லை, திறமையாகச் சொல்லத்தான் கற்றுக்கொடுத்தது. எனவே விடை தெரிந்த கேள்வியைக் கேட்டுச் சிக்கவைக்காதீர்கள். டியூஷனுக்குப் போகவில்லை என்று தெரிந்துகொண்டே "இன்னைக்கு டியூஷன் எப்படிப் போச்சு?" என்று கேட்பது பொய்க்கு வைக்கும் அழைப்பு. "நீ இன்னைக்குப் போகலைன்னு தெரியும். என்ன ஆச்சு?" என்று நேராகத் தொடங்குங்கள். அவனாக வந்து ஒன்றைச் சொல்லும்போது முதல் அரை நிமிடம் உங்கள் முகத்தில் வருவதைப் பார்த்துத்தான் அடுத்த முறை சொல்வதா வேண்டாமா என்று தீர்மானிப்பான். விளைவு இருக்கட்டும், ஆனால் அதைச் சில மணி நேரம் கழித்துப் பேசுங்கள், உண்மையைச் சொன்னதற்காகப் பாதியாகக் குறையுங்கள்.

இப்படித் தானாக வந்து பேச, திட்டாத நேரம் ஒன்று தினமும் இருக்க வேண்டும். பெற்றோர் பயிற்சித் திட்டங்கள் பலவற்றில் இது முதல் படி. சின்னக் குழந்தைகளுக்குத் தினமும் ஐந்து முதல் பத்து நிமிடம், குழந்தை சொல்கிறபடி விளையாடுவது, கேள்வியும் கட்டளையும் திருத்தமும் இல்லாமல். 13 வயதில் அதே வேலையை வண்டியில் போகும்போதோ துணி மடிக்கும்போதோ செய்யலாம். நேருக்கு நேர் உட்கார்ந்தால் விசாரணை மாதிரி இருக்கும், பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் பேச்சு வரும். அந்தப் பத்து நிமிடத்தில் படிப்பு, மதிப்பெண், எதிர்காலம் மூன்றும் வாயில் வரக் கூடாது.

குணத்தை எடை போடும் முன் தூக்கத்தைக் கணக்கெடுங்கள். 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். பருவமடையும்போது உடல் கடிகாரம் பின்னால் தள்ளிப்போகும், இரவு பத்தரை, பதினொன்றுக்கு முன் தூக்கம் வராமல் இருப்பது இயல்பு. காலையில் ஆறு மணிக்கு எழுப்பினால் வாரத்தில் ஐந்து நாளும் கடன்தான். அந்தக் கடனின் முதல் அறிகுறியே எரிச்சல். விடுமுறையில் நன்றாகத் தூங்கிய நாட்களில் அவன் சாந்தமாக இருக்கிறானா என்று பாருங்கள், பாதி விடை அங்கேயே கிடைக்கலாம். போன் விதி வீட்டில் எல்லோருக்கும் பொருந்த வேண்டும், உங்கள் போனுக்கும் சேர்த்து. மூளையைப் பொறுத்தவரை, அவசரத்தை அடக்கும் முன்பகுதி இருபதுகளின் நடு வரை முதிர்ந்துகொண்டே இருக்கும். 2005-ல் கணினியில் கார் ஓட்டும் விளையாட்டை வைத்துச் செய்த சோதனையில், நண்பர்கள் பக்கத்தில் இருந்தபோது 13 முதல் 16 வயதினர் துணிந்து எடுத்த ஆபத்து ஏறக்குறைய இரட்டிப்பானது. 24 வயதைத் தாண்டியவர்களிடம் அந்த வித்தியாசம் இல்லை. "நல்ல பையன்தானே, எப்படி இப்படிச் செய்தான்" என்ற கேள்விக்குப் பல சமயம் இதுதான் விடை. தனியாக இருக்கும்போது அவன் எடுக்கும் முடிவும் கூட்டத்தில் எடுக்கும் முடிவும் ஒன்றல்ல. அதனால் உபதேசத்தைவிட, எத்தனை மணிக்கு, யாருடன், பெரியவர் யாராவது அருகில் இருக்கிறாரா என்ற ஏற்பாடுகள் அதிகம் காப்பாற்றும்.

பழைய அடிகளுக்கு என்ன செய்வது? மன்னிப்புக் கேட்கலாம், கேட்டால் அதிகாரம் போய்விடாது. இரண்டு வாக்கியம் போதும்: "உன்னை அடிச்சது தப்பு. இனிமே செய்ய மாட்டேன்." அதோடு "ஆனா நீயும்" என்று சேர்த்தால் அது மன்னிப்பு அல்ல, இன்னொரு குற்றச்சாட்டு. தோளைக் குலுக்கிவிட்டுப் போனால் விட்டுவிடுங்கள், பதில் எதிர்பார்த்துச் சொல்வதில்லை அது. பெற்றோர் எப்போதும் பிள்ளையின் மனதோடு இசைந்தே இருக்க வேண்டும் என்பதும் இல்லை. எட் ட்ரோனிக் தாய்களையும் கைக்குழந்தைகளையும் நொடிக்கு நொடி கவனித்தபோது, நல்ல ஜோடிகள்கூடப் பெரும்பாலான நேரம் இசையாமல்தான் இருந்தார்கள். விலகிய பிறகு மறுபடி சேர்ந்துகொண்டார்களா என்பதில்தான் அவர்கள் மற்றவர்களிடமிருந்து வேறுபட்டார்கள்.

ஒரு பத்தியில் எழுதியதை வைத்து உங்கள் மகனை எடை போட யாராலும் முடியாது, இதுவரை சொன்னதெல்லாம் சாதாரணப் பதின்ம வயதுச் சிக்கல் என்ற அனுமானத்தில் சொன்னது. அப்படி இல்லாமலும் இருக்கலாம். பதின்ம வயதில் மனச்சோர்வு அழுகையாக வராமல் எரிச்சலாகவும் வரலாம். இரண்டு வாரத்துக்கு மேல் ஏறக்குறைய தினமும் எரிச்சல், பிடித்த விளையாட்டைக்கூட விட்டுவிடுவது, நண்பர்களிடமிருந்தும் ஒதுங்குவது, சாப்பாடும் தூக்கமும் தலைகீழாவது, மதிப்பெண் திடீரென்று சரிவது இவை சேர்ந்து வந்தால் வீட்டு வைத்தியம் போதாது. துறுதுறுப்பும் கவனமின்மையும் 12 வயதுக்கு முன்பே தொடங்கி, வீடு, பள்ளி இரண்டிலும் இருந்திருந்தால் கவனக்குறைபாடு (ADHD) இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இப்படிப்பட்ட பிள்ளைகளைச் "சொல் பேச்சு கேட்காதவன்" என்று பல வருடம் திட்டியே வளர்த்திருப்பார்கள். பள்ளியில் யாராவது துன்புறுத்துகிறார்களா என்பதையும் நேரடியாகக் கேளுங்கள். சாவைப் பற்றிப் பேசினாலோ உடலில் கீறல் காயங்கள் தெரிந்தாலோ காத்திருக்காமல் அன்றே மருத்துவரிடம் போங்கள். "செத்துப்போகலாம்னு தோணுதா?" என்று வெளிப்படையாகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது, தயங்காமல் கேட்கலாம்.

அந்த அவசர நிலை இல்லையென்றால், மனநல மருத்துவரையோ குழந்தை உளவியலாளரையோ பார்க்கும் முன் இரண்டு வாரம் ஒரு நோட்டில் குறித்துவையுங்கள்: படுத்த நேரம், எழுந்த நேரம், சண்டை எத்தனை மணிக்கு, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, எப்படி முடிந்தது, அன்று நன்றாக இருந்த ஒரு விஷயம். "எப்பவும் கத்துறான்" என்று சொல்வதைவிட "வாரத்தில் நாலு நாள், பள்ளி விட்டு வந்த ஒரு மணி நேரத்துக்குள்" என்று சொன்னால் முதல் சந்திப்பிலேயே வேலை தொடங்கிவிடும்.